மூன்றாம் பிரிவில் நின்ற சுமட்டுக்காரி

மாடக்கண்ணுவின் கைவேலையில் யாரும் ஒரு குறை சொல்லிவிட முடியாது. குற்றாலத்துப் பங்களாக்களின் வாசல் தூண்களில் உட்கார்ந்திருக்கும் சிமெண்டுச் சிங்கங்களில் பாதி அவன் செய்தவை. நிஜச் சிங்கத்தை அவன் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை; தென்காசிக் கோயில் தூணில் பார்த்ததோடு சரி. ஆனாலும் அவன் செய்த சிங்கத்தைக் கண்டு ஐந்தருவிப் பக்கத்து நாய் ஒன்று விடிய விடியக் குரைத்ததாகச் சொல்லிக்கொள்வார்கள். குரைத்ததோ இல்லையோ, அதைக் கேட்கும்போதெல்லாம் இவனுக்கு முகம் மலர்ந்துவிடும். அந்தப் பெருமைதான் ஐயா இவனைக் கெடுத்தது. கெட்டது இவன் மட்டும் என்றால்கூடப் போகட்டும் என்று விட்டுவிடலாம்.

செங்கோட்டை நம் பக்கம் வந்து சேர்ந்த மறு வருஷம், ஐம்பத்தேழில், தென்காசி அரிசி ஆலை முதலாளி முத்துராமலிங்கம் அண்ணாச்சி விஷக்காய்ச்சலில் கிடந்து எழுந்தார். எழுந்த கையோடு ஒரு நேர்ச்சை. வடகரையிலிருந்து மேக்கரை வழியாக மலைக்குள் அச்சன்கோவிலுக்கு நடந்து போகிற பாதை இருக்கிறதே, அதில் வழி பிரிகிற இடமெல்லாம் ஆள் உயரத்துக்கு ஒரு சிலை வைக்க வேண்டும், அது கை நீட்டி வழி காட்ட வேண்டும்.

"சாமி சிலை வேண்டாம்லே," என்றார் மாடக்கண்ணுவைக் கூப்பிட்டு. "சாமின்னா தெனம் விளக்குப் போடணும். காட்டுக்குள்ள எவன் போய் விளக்குப் போடுவான்? மனுசங்களச் செய். நடந்து போறவனுக்கு மனுசந்தான் தொணை."

நல்ல எண்ணம்தான். யார் இல்லை என்றது? ஏழு பிரிவுக்கு ஏழு சிலை. கம்பு ஊன்றிய கிழவர், பட்டாளத்துக்காரர், கம்பளி போர்த்திய ஆட்டிடையர் என்று ஆளுக்கு ஒரு தினுசு. எல்லாரும் வலது கையால்தான் வழி காட்ட வேண்டும் என்பது அண்ணாச்சியின் கட்டளை. கோயிலுக்குப் போகிறவனுக்கு யாராவது பீச்சாங்கையால் வழி காட்டுவார்களா?

மூன்றாம் பிரிவுக்கு மாடக்கண்ணு ஒரு பெண்ணைச் செய்தான். தலையில் சுமை, இடது கை அதைப் பிடித்திருக்கும், வலது கை பக்கவாட்டில் நீண்டிருக்கும். அவளுக்குத் தன் பெண்டாட்டி உலகம்மையின் முகத்தை வைத்தான். மூக்குத்தி முதற்கொண்டு. கல்யாணமாகி நாலு வருஷம் கழித்து அப்போதுதான் உலகம்மை வாயும் வயிறுமாக இருந்தாள். செய்த ஏழிலும் அவள்தான் அழகு. மூன்றாம் பிரிவில் கோயில் வழி வலப்பக்கம் போகிறது. ஆகவே சுமட்டுக்காரியை, போகிறவர்களுக்கு முன்னால் நடந்து போகிறவள் மாதிரி முதுகு காட்டி நிறுத்தினான். அவள் வலது கை சரியாக வலப்பக்க வழியைக் காட்டியது.

சிலைகளை வண்டிப்பாதை உள்ள மட்டும் ஏற்றிக்கொண்டு போனவர் வடகரைத் துல்கர்னைன். இவனைவிடப் பத்து வயது மூத்தவர். இவன் அவரை மாமா என்பான், அவர் இவனை மாப்ளே என்பார். அதற்கு மேல் ஆள் வைத்துக் கம்பில் கட்டித் தூக்கினார்கள்.

எல்லாம் முடிந்ததும் அண்ணாச்சியை நாற்காலியில் உட்காரவைத்து நாலு பேர் சுமந்து வந்தார்கள். கிழவரைப் பார்த்தார், சிரித்தார். பட்டாளத்துக்காரருக்கு ஒரு சலாம் வைத்தார். மூன்றாம் பிரிவுக்கு வந்ததும் முகம் சுருங்கிவிட்டது.

"என்னலே இது? வாறவங்களுக்கு முதுகக் காட்டிக்கிட்டு நிக்கா? வீட்டுக்கு வாறவங்கள இப்படித்தான் வான்னு கேப்பமா? வாங்கன்னு முகத்தக் காட்டி நிக்க வேண்டாமா? திருப்பி வைலே."

கூட வந்தவர்கள் எல்லாரும் ஆமா ஆமா என்று தலையை ஆட்டினார்கள். மாடக்கண்ணுவுக்கும் அது நியாயமாகவே பட்டது. வருகிறவர்களுக்கு முதுகைக் காட்டுவதாவது! போதாததற்கு, இத்தனை பாடுபட்டு வடித்த முகத்தைப் போகிற வருகிறவர்கள் பார்க்காமல் போகிறார்களே என்று அவனுக்கும் உள்ளுக்குள் ஒரு நமைச்சல் இருந்தது. நாலு பேர் பிடித்துத் திருப்பினார்கள். அடியில் கலவை போட்டு இறுக்கினான். அண்ணாச்சி அவள் முகத்தைப் பார்த்துத் திருப்தியாகச் சிரித்துவிட்டு இறங்கிப் போனார். அதற்கப்புறம் அவர் மலையேறவில்லை. அடுத்த ஆனிக்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்.

எல்லாரும் போன பிறகு துல்கர்னைன் பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு நின்றார்.

"மாப்ளே, கை இப்ப எங்க காட்டுதுன்னு பாரும்."

பார்த்தான். முகத்தைத் திருப்பினால் கையும் கூடத்தானே திரும்பும்? சுமட்டுக்காரி சிரித்த முகத்தோடு இடப்பக்கத் தடத்தைக் காட்டிக்கொண்டு நின்றாள். அது மூங்கில் வெட்டுகிறவர்கள் போகிற தடம். நாலு பர்லாங்கு போனால் ஒரு பாறையில் போய் முடியும். பாறைக்குக் கீழே கிடுகிடு பள்ளம், ஓடை. மழைக்காலத்தில் அந்தப் பாறையில் குரங்குகூட நிதானமாகத்தான் கால் வைக்கும்.

சரிசெய்வது ஒன்றும் மலையைப் புரட்டுகிற காரியமில்லை. கையைத் தோளோடு வெட்டி, நெஞ்சுக்குக் குறுக்கே அந்தப் பக்கம் மடக்கி ஒட்டிவிட்டால் போதும். ஒரு பகல் வேலை. ஆனால் உலகம்மைக்கு அப்போது ஆறாவது மாதம். பெண்டாட்டி வயிற்றில் பிள்ளை இருக்கையில் பிள்ளைக்குக் குறை வந்துவிடுமோ என்று புருஷன் ஒரு தேங்காய்கூட உடைக்க மாட்டான். இவன் அவள் முகத்தை வைத்த சிலையின் கையை உளி வைத்து வெட்டுவதா?

"புள்ள பொறக்கட்டும் மாமா. தையில வந்து வெட்டி ஒட்டிருதேன். இங்கன போறவன் பூரா வடகரைக்காரன், மேக்கரைக்காரன். கண்ண மூடிக்கிட்டுப் போவான். சிலையப் பாத்தா வழி தெரிஞ்சுக்கிடப் போறான்?"

"அப்போ சிலை எதுக்கு வே?" என்றார் துல்கர்னைன். பிறகு, "அந்தத் தடத்துல நாலு முள்ளயாவது வெட்டிப் போடும்," என்றார்.

போட்டுவிடலாம் என்றான். போடலாம் என்று மறுநாள் நினைத்தான், அதற்கு மறுநாளும் நினைத்தான். பிறகு மழை பிடித்துக்கொண்டது.

கார்த்திகை பிறந்து ஒரு வாரம் இருக்கும். வடகரையிலிருந்து துல்கர்னைன் விடியுமுன்னே ஓட்டமும் நடையுமாக, குற்றாலம் ரோட்டில் மாடக்கண்ணு வீட்டோடு சேர்த்துப் போட்டிருந்த வேலைக் கொட்டகைக்கு வந்தார். சுந்தரபாண்டியபுரத்துப் பையன் ஒருத்தன், அய்யாத்துரை என்று பேர், இருபத்திரண்டு வயது, சின்ன வயதில் பாம்பு கடித்துப் பிழைத்ததற்கு நேர்ந்துகொண்டது பாக்கி இருக்கிறது என்று அச்சன்கோவிலுக்குத் தனியாக நடந்து போயிருக்கிறான். முந்தாநாள் போனவன் கோயிலுக்கும் போய்ச் சேரவில்லை, வீட்டுக்கும் திரும்பவில்லை. நாளைக்கு ஆள் கூட்டித் தேடப்போகிறார்கள்.

மாடக்கண்ணு அப்போதே உளியையும் சுத்தியலையும் ஒரு பை சிமெண்டையும் எடுத்துக்கொண்டு மலையேறினான்.

இந்த இடத்தைச் சொல்ல எனக்கே வாய் கூசுகிறது. அவன் அந்தத் தடத்தில் இறங்கித் தேடினானா என்றால், இல்லை. சுமட்டுக்காரியின் கையை வெட்டினான். தேங்காய் உடைக்கவே பயந்தவன், முள் வெட்டிப் போடச் சோம்பியவன், பெண்டாட்டி நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருக்கையில் மூச்சு விடாமல் நின்று அவள் முகத்துச் சிலையின் தோளில் உளியை இறக்கினான். கையை நெஞ்சுக்குக் குறுக்கே திருப்பி ஒட்டினான். புதுப் பூச்சு தெரியாமல் இருக்கச் செம்மண்ணைக் கரைத்துத் தடவினான். ஓலையை வெட்டி மேலே கவிழ்த்துக் காய்கிற வரைக்கும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். முழுசாக ஒரு பகல். அந்தப் பகலில் இடப்பக்கம் திரும்பி ஒரு குரல்கூடக் கொடுக்கவில்லை.

நாலாம் நாள் மூங்கில் வெட்டுகிறவர்கள்தான் அய்யாத்துரையை ஓடையில் பிணமாகக் கண்டெடுத்தார்கள். பாறைக்கு மேலே அவன் துண்டும் அரிசி முடிப்பும் மழைக்கு ஒதுக்கமாக ஒரு பொந்தில் இருந்தன. வழி இருக்கிறதா என்று எட்டிப்பார்க்கத்தான் கீழே வைத்திருப்பான், பாவம். ஆனால் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லவில்லை. மூன்றாம் பிரிவில் சிலை தெளிவாக வலப்பக்கம் காட்டுகிறது, குருடனுக்குக்கூட விளங்கும், அப்படியும் இவன் இடப்பக்கம் போயிருக்கிறான், துண்டை மடித்து வைத்துவிட்டுப் போயிருக்கிறான். அப்புறம் என்ன சந்தேகம்? உயிரை விடவே போயிருக்கிறான் என்று எல்லாரும் சேர்ந்து முடிவு கட்டினார்கள்.

தையில் உலகம்மைக்கு ஆண் பிள்ளை பிறந்தது. மாடக்கண்ணு முதலில் கைகளைத்தான் பார்த்தான். இரண்டு கையும் இருந்தன. விரல்களை எண்ணினான். பத்தும் இருந்தன. ஒரு குறையும் இல்லை. சந்தோஷப்பட வேண்டியவன் கொட்டகைக்குப் பின்னால் போய் நின்று அழுதான்.

மாசியில் ஒருநாள் ஒரு அம்மா கொட்டகை வாசலில் வந்து நின்றாள். நாற்பத்தைந்து வயது இருக்கும்.

"மலையில சிலை செஞ்ச மாடக்கண்ணு நீதானா தம்பி? நான் சுந்தரபாண்டியபுரம். குழல்வாய்மொழின்னு பேரு. அய்யாத்துரையோட அம்மா."

அவன் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றுவிட்டது.

"ஒண்ணும் இல்லப்பா. ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிருதேன். அந்தப் பொம்பள கை காட்டுதாளே, சரியான வழிக்குத்தான் காட்டுதாளா? நீ செஞ்சவன், உனக்குத் தெரியும்லா?"

வெளியே தூறிக்கொண்டிருந்தது. சொல்லிவிடு, சொல்லிவிடு என்று மனசு அடித்துக்கொண்டது. தொட்டிலில் பிள்ளை சிணுங்கியது.

"சரியான வழிக்குத்தாம்மா காட்டுதா," என்றான்.

பொய் இல்லை பாருங்கள். அன்றைய தேதியில் அவள் சரியான வழிக்குத்தான் காட்டிக்கொண்டிருந்தாள். பொய் சொல்லாமலே ஒரு தாயை ஏமாற்ற முடியும் என்பதை மாடக்கண்ணு அன்றைக்குத் தெரிந்துகொண்டான்.

அந்த அம்மா தலையை ஆட்டினாள். "அப்போ என் வாய்தான். அவன் கெளம்பினது பிசான நடவு நேரம் தம்பி. நாத்தப் பறிச்சு வச்சிருக்கு, ஆள் இல்ல. இப்ப என்னடா கோயிலு, போறதுன்னா அப்படியே போ, திரும்பி வராதன்னுட்டேன். என் வாயில சனியன் இருந்திருக்கு." பிறகு தொட்டில் பக்கம் போய், முந்தானையில் முடிந்து வைத்திருந்த கல்கண்டை உலகம்மையிடம் கொடுத்துவிட்டுப் போனாள்.

அதோடு விட்டாளா? வருஷா வருஷம் கார்த்திகையில் மூன்றாம் பிரிவுக்கு நடந்து போவாள். போகிற வழியில் கொட்டகைக்கு வந்து, வளர்ந்துகொண்டிருக்கிற பையனுக்குக் கல்கண்டோ கடலை மிட்டாயோ கொடுப்பாள். பையன் அவளை ஆத்தா என்று கூப்பிடப் பழகிவிட்டான். ஒவ்வொரு வருஷமும் அவள் வாயிலிருந்து ஒரு செய்தி வந்து இவன் தலையில் இறங்கும். தற்கொலை பண்ணிக்கொண்ட வீடு என்று மகளுக்குப் பேசியிருந்த மாப்பிள்ளை வீட்டார் ஒதுங்கிவிட்டார்கள். பங்காளிகளான சொக்காரர்கள் நல்லது கெட்டதுக்கு அவன் பேரை எடுப்பதில்லை. வீட்டில் அவன் போட்டோவை மாட்ட வேண்டாம் என்று கொழுந்தன் சொல்லிவிட்டார். அது பெட்டிக்குள் கிடக்கிறது. அவள் இதையெல்லாம் குறையாகக்கூடச் சொல்ல மாட்டாள். தனக்கு விதித்தது என்கிற மாதிரி சொல்வாள். மாடக்கண்ணு ம் கொட்டுவான். அன்றைக்குச் சோறு இறங்காது.

துல்கர்னைன் எங்கே கண்டாலும் ஒரே கேள்விதான். "சொல்லிட்டீரா?"

"இல்ல மாமா."

"நான் சொல்ல மாட்டேன். சொல்ல வேண்டியது உம்ம வாய். ஆனா எனக்கும் தூக்கம் வரலங்கதத் தெரிஞ்சுக்கிடும்."

அறுபத்து மூன்றாம் வருஷம் கார்த்திகையில் அவள் வந்தபோது பையன் பட்டணம் பார்த்து வந்தவன் மாதிரி தலையில் ஒரு தொப்பி வைத்துக்கொண்டு திரிந்தான். அவன் கன்னத்தைத் தடவிவிட்டு மாடக்கண்ணுவிடம் சொன்னாள்:

"தம்பி, அவ தோள்ல ஒரு விரிசல் விட்டிருக்குப்பா. ரெண்டு வருசமா பாக்கேன். வலிக்கும்போல இருக்கேன்னு எண்ணெய் தடவிக்கிட்டு வாரேன். போன வருசம் கை தனியா ஆடிச்சு. நீ வந்து கொஞ்சம் பூசிக் குடு. எனக்கும் முட்டு போச்சு, இனிமே மலையேற முடியாது. நல்லா இருக்கான்னு பாத்துட்டு வந்துருதேன்."

எப்படி மாட்டேன் என்பான்? துல்கர்னைன் வண்டியில் இரண்டு பேரையும் வண்டிப்பாதை முடிகிற இடம் வரைக்கும் கொண்டுபோய் விட்டார். இறங்கும்போது இவன் முகத்தைப் பார்த்தார். இந்தத் தடவை ஒன்றும் கேட்கவில்லை.

மூன்றாம் பிரிவுக்கு வந்தபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. சாயம் போயிருந்தாலும் உலகம்மையின் முகம் அப்படியே இருந்தது. குழல்வாய்மொழி மடியிலிருந்த எண்ணெய்ச் சிமிழைத் திறந்து, விரலால் தொட்டு, அந்த வெட்டு வாயில் நிதானமாகத் தடவினாள். மாடக்கண்ணு உளி இறக்கிய அதே இடம்.

"ஏட்டி, நீ ஒழுங்காத்தான கையக் காட்டின?" என்றாள் சிலையிடம். "உன் மேல தப்பு இல்லம்மா. அவன் பாத்திருப்பான். பாத்துட்டுத்தான் அங்கன போயிருப்பான். இந்த வாய் சொன்ன சொல்லு அப்படி." சொல்லிக்கொண்டே தன் வாயில் பட்டென்று அடித்துக்கொண்டாள். ஒரு தடவை, இன்னொரு தடவை.

"யம்மா, அடிக்காதீங்க!" என்று கத்திவிட்டான் மாடக்கண்ணு. "அவ தப்பான வழியத்தாம்மா காட்டினா!"

அவள் கை அந்தரத்தில் நின்றது.

அப்புறம் நிறுத்த முடியவில்லை. முதுகு காட்டி வைத்தது, திருப்பியது, பிள்ளை பிறக்கட்டும் என்று தள்ளிப்போட்டது, பையனைக் காணோம் என்றதும் ஓடிவந்து கையை வெட்டி ஒட்டியது, எல்லாவற்றையும் கொட்டினான். தரையைப் பார்த்துக்கொண்டே கொட்டினான். அடிக்கப் போகிறாள், மண்ணை வாரித் தூற்றப் போகிறாள் என்று காத்திருந்தான்.

"அப்போ எம்புள்ள சாகப் போகலயா?"

நிமிர்ந்து பார்த்தான். அவள் முகத்தில் கோபமே இல்லை. கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, உதடு சிரிக்கப் பார்த்தது.

"கோயிலுக்குத்தான் போனானா? நான் திட்டினத மனசுல வைக்கலயா? வழி கேட்டு, இவ காட்டின வழியில போனானா?"

"ஆமாம்மா."

"எஞ்சாமி," என்று அவள் அப்படியே சிலையின் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். அந்தச் சந்தோஷத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பதைவிட அந்தப் பாறையிலிருந்து விழுந்திருக்கலாம் என்று மாடக்கண்ணுவுக்குத் தோன்றியது. ஆறு வருஷம். ஒரு வார்த்தையில் கொடுத்திருக்கலாம். ஆறு வருஷம் வைத்துக்கொண்டிருந்திருக்கிறான்.

பிறகு அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். துடைத்த பிறகு பார்த்த பார்வை வேறாக இருந்தது.

"நீ கைய வெட்ட வந்தியே, அது அவன் போயி எத்தனாம் நாளு?"

"மூணாம் நாளும்மா."

"அந்தப் பக்கம் போய்ப் பாத்தியா?"

"இல்ல."

"ஒரு சத்தமாவது குடுத்தியா?"

அதற்கும் இல்லை என்று தலையை ஆட்டினான். எங்கோ கீழே ஓடை ஓடுகிற சத்தம் நன்றாகக் கேட்டது. அங்கேயிருந்து ஒரு குரல் வந்திருந்தால் இங்கே கேட்டிருக்கும். இங்கேயிருந்து போயிருந்தால் அங்கேயும் கேட்டிருக்கும்.

குழல்வாய்மொழி எழுந்தாள். இவன் பழக்கத்தில் முன்னால் நடக்கப் போனான்.

"நில்லு. நீ முன்னால போகாத. உன் பின்னால நான் வர மாட்டேன். நான் போறேன், நீ பின்னால வா."

வண்டிப்பாதை வரைக்கும் அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை. முட்டு வலியோடு விந்தி விந்தி நடந்தாள். தாங்கிப் பிடிக்க இவனுக்குத் தைரியம் இல்லை. வண்டியில் ஏறும்போது மட்டும் சொன்னாள்: "நாளைக்குக் காலையில எங்க ஊருக்கு வந்துரு."

சாயங்காலமே உலகம்மையிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவள் பையனை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "போயிட்டு வாங்க. மத்தத பெறவு பேசிக்கிடலாம்," என்றாள்.

போனான். ஓடிவிடவில்லை, அந்த ஒன்றைத்தான் அவன் பக்கம் நின்று சொல்ல முடியும். குழல்வாய்மொழி தெருமுனையிலேயே காத்து நின்றாள். சொக்காரர் வீடு ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டு போனாள். கதவைத் தட்டுவாள், ஆட்கள் வெளியே வந்ததும் இவனை முன்னால் தள்ளுவாள். "இவன்தான் மலையில சிலை வச்சவன். ஒண்ணு சொல்லணுங்கான், கேளுங்க."

முதல் வீட்டில் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். இரண்டாவது வீட்டில் ஒருத்தர் செருப்பைக் கழற்றிவிட்டார். அவள் குறுக்கே நின்று, "முழுசாச் சொல்லட்டும், பெறவு அடிங்க," என்றாள். நாலாவது வீடு கொழுந்தன் வீடு. கேட்டுவிட்டு அவர் அப்படியே குத்துக்கால் போட்டு உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார். ஒன்பது வீடு. ஒன்பது தடவையும் முதலிலிருந்து கடைசி வரைக்கும், சத்தம் கொடுக்காததையும் சேர்த்துச் சொன்னான். ஒவ்வொரு தடவையும் முடிந்ததும் அவள் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "கேட்டீங்களா? எம்புள்ள சாமி கும்பிடத்தான் போனான்."

கடைசி வீடு அவள் வீடு. கல்யாணம் நின்றுபோன மகள் வாசலில் நின்றாள். அவளிடமும் சொன்னான். அவள் உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து போட்டோவை எடுத்துக்கொண்டு வந்தாள். சட்டை மேல் பொத்தான் வரைக்கும் போட்ட பையன், சிரிக்கலாமா வேண்டாமா என்ற முகம். மாடக்கண்ணு அவனை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தான்.

குழல்வாய்மொழி ஒரு ஆணியையும் அம்மிக் குழவியையும் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தாள்.

"வாசலுக்கு நேரா மாட்டு. வாறவங்களுக்கு முகம் தெரியணும்."

ஆறு வருஷத்துக்கு முன்னால் கேட்ட அதே கட்டளை. ஆணி இரண்டு தடவை வளைந்தது. மூன்றாம் தடவை இறங்கியது. போட்டோவை மாட்டி, கோணல் இல்லாமல் நிமிர்த்தி வைத்துவிட்டுத் திரும்பினான். அம்மாவும் மகளும் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவன் வாசலுக்கு வந்தான், படியில் கொஞ்ச நேரம் நின்றான். வெயில் கொளுத்தியது. ஒரு வாய் தண்ணீர் குடிக்கிறாயா என்று அந்த வீட்டில் யாரும் கேட்கவில்லை.